செட்டப் கணக்கு: இரண்டு நாளில் எடுத்த ஒரு சிரிப்புப் படம்

பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு இளைஞன் மல்லாந்து கிடக்கிறான். அவன் நெஞ்சின்மேல் இன்னொருவன் ஏறி உட்கார்ந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். கேமரா ஓடுகிறது. பிடுங்குகிறவன் வேகத்தில் கொஞ்சம் பின்னால் சாய, அவன் கால் பட்டு, வாடகைக்குக் கொண்டுவந்திருந்த பல் மருத்துவ மெஷின் மெல்லச் சரியத் தொடங்குகிறது. வேறு டைரக்டராக இருந்தால் "கட்" என்று கத்தியிருப்பார். இவர் கத்தவில்லை. ஒரே தாவலில் செட்டுக்குள் பாய்ந்தார், சரியும் மெஷினைக் கையால் தாங்கிப் பிடித்தார், அடுத்த செட்டுக்குப் போகலாம், இங்கே வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காட்சியின் மீதிப் பகுதி எடுக்கப்படவே இல்லை.

நாற்காலியில் கிடந்த இளைஞர் ஜாக் நிக்கல்சன். பிற்காலத்தில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர். இந்தச் சம்பவத்தைச் சொன்னவரும் அவரே. மெஷினைத் தாங்கிப் பிடித்தவர் ரோஜர் கார்மன். படம், 1960-ல் வெளியான 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்'.

பழைய படங்களின் திரைமறைவுத் துணுக்குகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு இந்தப் படம் ஒரு சுரங்கம். 'இரண்டே நாளில் எடுத்தது', 'முப்பதாயிரம் டாலருக்குள் முடித்தது' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். படித்துவிட்டு 'அடேயப்பா' என்று நகர்ந்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் நகர்ந்தேன். ஒருநாள்தான் உறைத்தது. 72 நிமிஷம் ஓடும் படத்தை இரண்டு நாளில் எடுக்க அவசரம் மட்டும் போதுமா? கஞ்சத்தனம் மட்டும் போதுமா? அவசரக்காரர்களும் கஞ்சர்களும் சினிமாவில் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லையே, அவர்கள் எல்லோரும் ஏன் இரண்டு நாளில் படம் எடுக்கவில்லை?

விஷயம் ஒரு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் அலகுக்குப் பெயர் செட்டப். (நம் பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மற்ற அர்த்தங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.)

செட்டப் என்றால் என்ன?

கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்குத் தக்கபடி லைட்டை அமைத்து, ஷாட் எடுக்கத் தயாராகும் ஏற்பாடு ஒரு செட்டப். கேமரா இடம் மாறினால் அடுத்த செட்டப். அவ்வளவுதான்.

ஒரு மேஜையின் இரண்டு பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று வையுங்கள். திரையில் ஒரு நிமிஷம் வரும் காட்சி. வழக்கமான முறையில் எடுத்தால் முதலில் இருவரும் மேஜையும் தெரிகிற மாதிரி ஒரு அகலமான ஷாட். அடுத்து, இவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் முகம். பிறகு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து இவர் முகம். அதன்பின் ஆளுக்கொரு குளோசப். காபிக் கோப்பையைத் தனியாகக் காட்டவேண்டும் என்றால் இன்னும் ஒன்று. ஆக ஆறு செட்டப்.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதில்தான் காசு போகிறது. லைட்மேன்கள் ஸ்டாண்டைத் தூக்கி இடம் மாற்றவேண்டும். புதிய கோணத்தில் சுவரில் விழும் நிழலை மறைக்கவேண்டும். கேமரா உதவியாளர் டேப் பிடித்து முகத்துக்கும் லென்சுக்கும் உள்ள தூரத்தை அளப்பார். போன ஷாட்டில் கோப்பை எந்தக் கையில் இருந்தது என்று ஒருவர் நோட்டுப் பார்த்துச் சொல்வார். மேக்கப்காரர் வியர்வையை ஒற்றிவிடுவார். ஒரு மாற்றத்துக்கு அரைமணி நேரம் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட, ஆறு செட்டப்புக்கு மூன்று மணி நேரம் போய்விடும். அந்த மூன்று மணி நேரத்தில் கேமரா உண்மையில் ஓடியது சில நிமிஷங்களே.

மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்கு ஸ்டூடியோ வாடகை உண்டு, கேமரா வாடகை உண்டு, யூனிட் முழுவதற்கும் சம்பளமும் சாப்பாடும் உண்டு. படம் எடுப்பதில் பெருஞ்செலவு நடிப்பதற்கு ஆவதில்லை, லைட்டை நகர்த்துவதற்கு ஆகிறது. இந்த ஒரு வரி பிடிபட்டுவிட்டால் கார்மன் படத்தைப் பற்றிய பாதித் துணுக்குகள் தாமாகவே விளங்கிவிடும்.

இந்தக் கணக்கு கார்மனுக்குப் பிடிபட்டதில் ஆச்சரியமில்லை. ஸ்டான்ஃபோர்டில் அவர் படித்தது தொழில்துறை இன்ஜினீயரிங். ஒரு தொழிற்சாலையில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் வீணாகிறது, எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று பார்க்கும் படிப்பு. படித்து முடித்து ஒரு மோட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நாலு நாள்தான். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். சினிமாவுக்கு வந்தபோது வேலையைத்தான் விட்டிருந்தார், படிப்பை விடவில்லை.

கதை என்ன?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வீடற்றவர்களும் குடிகாரர்களும் கிடக்கும் ஸ்கிட் ரோ பகுதி. அங்கே முஷ்னிக் என்பவரின் நொடித்துப்போன பூக்கடை. கடைப்பையன் சீமோர், வாயில்லாப் பூச்சி. அவன் ஒரு வினோதமான செடி வளர்க்கிறான். கூட வேலை பார்க்கும் ஆட்ரிமேல் அவனுக்கு ஆசை. செடிக்கு 'ஆட்ரி ஜூனியர்' என்று பெயர் வைக்கிறான். செடி வாடுகிறது. தற்செயலாக விரலில் குத்தி ரத்தம் சிந்தும்போதுதான் தெரிகிறது, அது குடிப்பது ரத்தம். கொஞ்ச நாளில் அது பேசவும் ஆரம்பித்துவிடுகிறது: "எனக்குச் சாப்பாடு போடு!" செடி வளர வளரக் கூட்டம் கூடுகிறது, கடை செழிக்கிறது, ஊரில் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

கதை பிறந்த விதமும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். கார்மனும் எழுத்தாளர் சார்ல்ஸ் கிரிஃபித்தும் ஒரு ராத்திரி சன்செட் ஸ்டிரிப்பில் காபிக் கடை காபிக் கடையாகச் சுற்றிக்கொண்டு கதை பேசியிருக்கிறார்கள். மனிதக்கறி சமைக்கும் சமையல்காரன் பற்றி எடுக்கலாமா என்றாராம் கிரிஃபித். தணிக்கை விதி ஒத்துக்கொள்ளாது என்றாராம் கார்மன். அப்படியானால் ஆளைத் தின்னும் செடி? சரி என்றாராம். அந்த நேரத்தில் இருவருக்கும் நல்ல போதை என்று கிரிஃபித்தே சொல்லியிருக்கிறார். மனிதன் மனிதனைத் தின்றால் தப்பு, செடி தின்றால் பரவாயில்லை. தணிக்கை விதிகளின் தர்க்கம் எந்த நாட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

1959-ல் இதே ஜோடி 'எ பக்கெட் ஆஃப் பிளட்' என்ற படத்தை ஐந்து நாளில் முடித்திருந்தது. அதிலும் ஒரு அப்பாவி, தற்செயலாக ஒரு கொலை, அதனால் வரும் புகழ். எலும்புக்கூடு அதேதான், சதை மட்டும் வேறு. அதில் கதாநாயகனாக நடித்த டிக் மில்லருக்குச் சீமோர் வேடம் தர முன்வந்தார்கள். அவர் சின்ன வேடம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். அந்தச் சின்ன வேடத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த இரண்டு நாள்

வேறொரு படத்துக்காகப் போட்ட செட் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. அது இடிபடுவதற்குள் அதில் ஒரு படம் எடுத்துவிடலாம் என்பதுதான் தொடக்கம். செட் போடும் செலவு இல்லை. கதைக்கு இடம் தேடுவது உலக வழக்கம், இங்கே இடத்துக்குக் கதை தேடினார்கள்.

இன்னொரு காரணத்தையும் முஷ்னிக்காக நடித்த மெல் வெல்ஸ் சொல்லியிருக்கிறார். 1960 ஜனவரி 1 முதல் நடிகர்களின் சம்பள விதி மாறவிருந்ததாம். அதுவரை ஒரு தொகையைக் கொடுத்தால் நடிப்பை நிரந்தரமாக வாங்கிவிடலாம். இனி அப்படி முடியாது. அதனால் வருஷம் முடிவதற்குள் இன்னொரு படத்தை எடுத்துவிடவேண்டும் என்று கார்மன் துடித்தார் என்பது வெல்ஸின் விளக்கம். படப்பிடிப்பு 1959 டிசம்பர் கடைசியில்தான் நடந்தது.

நடிகர்களை ஒரு வாரத்துக்கு ஒப்பந்தம் செய்து, முதல் மூன்று நாளும் ஒத்திகை மட்டும் பார்த்து, கடைசி இரண்டு நாளில் கேமராவை ஓட்டியதாகக் கார்மன் சொல்வார். இதில் இருக்கும் புத்திசாலித்தனத்தைக் கவனிக்கவேண்டும். ஒத்திகைக்கு லைட் வேண்டாம், கேமரா வேண்டாம், யூனிட் வேண்டாம். நடிகர்களும் நாலு நாற்காலியும் போதும். தப்பு செய்வதாக இருந்தால் மலிவான நாட்களில் செய்துகொள்ளுங்கள், விலையுயர்ந்த இரண்டு நாளில் செய்யாதீர்கள் என்பது ஏற்பாடு.

இனி லைட். காட்சிக்குக் காட்சி லைட்டை நகர்த்தும் வேலையே இருக்கக்கூடாது என்று செட் முழுவதற்கும் முன்கூட்டியே லைட் போட்டு வைத்துவிட்டார்கள். நிக்கல்சன் சொன்னது கிட்டத்தட்ட இதுதான்: உள்ளே போவோம், பிளக்கைச் சொருகுவோம், கேமரா ஓடும், எடுப்போம். நடிகர் கடைக்குள் எந்த மூலையில் நின்றாலும் முகம் தெரியும்.

அடுத்து, ஒரு கேமராவுக்குப் பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓடின. ஒரு தடவை நடித்தால் இரண்டு கோணம் கிடைத்துவிடும். இது சினிமா வழக்கமில்லை, டிவி வழக்கம். 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரில் மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். அதற்கு எல்லாப் பக்கமும் சமமாக விழும் லைட்டிங் முறையை அமைத்துக் கொடுத்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர். நிழலோடு விளையாடிய மனிதர், டிவிக்காக நிழலையே ஒழித்துக்கட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

சும்மா கிடைக்குமா இதெல்லாம்? விலை உண்டு. எல்லாப் பக்கமும் சம வெளிச்சம் என்றால் முகத்தில் ஆழம் இருக்காது. பூக்கடைக் காட்சிகளில் பல, நாடக மேடைக்கு முன்னால் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான் இருக்கும். ஆட்கள் கதவு வழியாக வருவார்கள், நிற்பார்கள், பேசுவார்கள், போவார்கள்.

ஆனால் பாருங்கள், இது பேய்ப்படமாக மட்டும் இருந்திருந்தால் அந்தச் சம வெளிச்சமே படத்தைக் கொன்றிருக்கும். பயத்துக்கு நிழல் வேண்டும், குளோசப் வேண்டும், எதையாவது மறைத்துக் காட்டவேண்டும். சிரிப்புக்கு இதெல்லாம் வேண்டாம். ஒருவன் ஏதோ செய்ய, பக்கத்தில் நிற்பவன் முகம் மாறுவது அதே சட்டகத்தில் (ஃபிரேமில்) தெரிந்தால் போதும். நடுவில் வெட்டினால் சிரிப்பு பாதியாகிவிடும்.

டிக் மில்லரின் அந்தச் சின்ன வேடத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கோட்டுப் போட்ட கண்ணியமான மனிதர் ஒருவர் பூக்கடைக்குள் வருகிறார். பூ கேட்கிறார். முஷ்னிக் காகிதத்தில் சுற்றப் போகிறார். வேண்டாம், இங்கேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார். பையிலிருந்து உப்புச் சீசாவை எடுக்கிறார், பூமேல் தூவுகிறார், கடித்து மெல்லுகிறார். இட்லிக்குப் பொடி தூவிக்கொள்கிற நிதானம். அதற்குப் பிறகும் வருவார், போவார், கடைக்கு வரும் இன்னொரு வாடிக்கையாளர் அவ்வளவுதான். ஆளைத் தின்னும் செடி ஒரு பக்கம், செடியைத் தின்னும் ஆள் ஒரு பக்கம். இதற்கு எத்தனை செட்டப் வேண்டும்? மில்லரும் வெல்ஸும் ஒரே சட்டகத்தில் நின்றால் தீர்ந்தது. கார்மனுடைய சிக்கனமும் கிரிஃபித்துடைய நகைச்சுவையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

வசனத்தை நடிகர்கள் அங்கேயே இட்டுக்கட்டினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வெல்ஸ் அதை அடித்து மறுத்தார். ஒவ்வொரு வார்த்தையும் கிரிஃபித் எழுதியது, இரண்டு நாளில் நான் 98 பக்க வசனம் பேசினேன் என்றார். நியாயமாகப் படுகிறது. இரண்டு நாளில் முடிக்கவேண்டிய இடத்தில் இட்டுக்கட்டும் ஆடம்பரம் யாருக்குக் கட்டுப்படியாகும்? கிரிஃபித் மட்டும் ஓரிடத்தில் ஒப்புக்கொண்டார்: கொள்ளைக்காரனாக வரும் காட்சியில் வசனம் மறந்துபோய்ச் சொந்தமாகப் பேசினேன், எழுதினவன் நான்தானே, எனக்கு அனுமதி உண்டு என்று.

இரண்டு நாள் என்பது பாதி உண்மை

இங்கே நிறுத்தி ஒரு திருத்தம் சொல்லவேண்டும். படம் முழுக்க இரண்டு நாளில் எடுக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பிப்போவீர்கள். ராத்திரித் தெரு, ரயில் தண்டவாளம், டயர்களும் கழிப்பறைப் பீங்கான்களும் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு துரத்தல் என்று வெளிப்புறக் காட்சிகள் வந்துகொண்டே இருக்கும். அவை எப்போது எடுத்தவை?

அவை அந்த இரண்டு நாளில் சேராது. செட்டுக்குள் நடப்பவைதான் இரண்டு நாள் வேலை. வெளியே நடப்பவற்றைக் கிரிஃபித்தும் வெல்ஸும் ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த சில வார இறுதிகளில் எடுத்தார்கள். இப்படிப் பிரதான டைரக்டர் இல்லாமல் தனியாக இயங்கும் குழுவைச் செகண்ட் யூனிட் என்பார்கள். பெரிய படங்களில் சண்டைக் காட்சிக்கும் கூட்டக் காட்சிக்கும் இப்படி ஒரு யூனிட் தனியாகப் போகும். இங்கே எழுத்தாளரும் ஒரு நடிகரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். மொத்தச் செலவு 1,100 டாலர் என்று சொல்லப்படுகிறது. அதில் கிடைத்தது படத்தில் சுமார் பதினைந்து நிமிஷம்.

ஸ்கிட் ரோ தெருவில் உண்மையாகவே கிடந்த குடிகாரர்களைக் கேமராமுன் நிறுத்தினார்கள். ஆளுக்குப் பத்து சென்ட். சுரங்கப் பாதையிலிருந்து ஓடிவரும் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஐந்து சென்ட். இந்த எண்கள் துணுக்குகளில் சிரிப்புக்காகச் சொல்லப்படுகின்றன. எனக்கு அந்த இடத்தில் முழுதாகச் சிரிக்க வரவில்லை. அந்த முகங்கள்தான் படத்துக்கு நிஜத் தெருவின் வாடையைக் கொடுக்கின்றன. விலை பத்து சென்ட்.

ரயில் காட்சி மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. தண்டவாளத்தில் விழுந்து கிடக்கும் ஒருவன்மேல் ரயில் ஏறவேண்டும். காசிருந்தால் இதை ஆயிரம் விதமாகச் செய்யலாம். இவர்கள் ரயில்வே யார்டில் இருந்தவர்களுக்கு இரண்டு பாட்டில் ஸ்காட்ச் கொடுத்துச் சரிக்கட்டியதாகக் கதை. இன்ஜினை நடிகருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கேமரா ஓடியது. இன்ஜின் மெல்லப் பின்னால் போனது. அவ்வளவே. பிறகு லேபில் அந்தத் துண்டைத் தலைகீழாகப் பிரிண்ட் போட்டார்கள். கடைசிச் சட்டகம் முதலில், முதல் சட்டகம் கடைசியில். திரையில் ரயில் ஆளை நோக்கி வருகிறது. யாருக்கும் ஆபத்தில்லை. இந்தத் தந்திரத்துக்கு ஒரே நிபந்தனை, கிடக்கிறவர் அசையக்கூடாது. புகை, தண்ணீர், நடந்துபோகும் ஆள் என்று திசையைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது.

தொடக்கத்தில் ஒரு போலீஸ்காரரின் குரல் கதை சொல்கிறதே, அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அது 'டிராக்நெட்' என்ற அந்தக் காலத்துப் போலீஸ் தொடரைக் கிண்டல் செய்வது. உணர்ச்சியே இல்லாத மரத்துப்போன குரல். கேலி ஒரு பக்கம் இருக்க, ஸ்டூடியோவில் எடுத்ததையும் தெருவில் எடுத்ததையும் ஒட்டுகிற பசையும் அந்தக் குரல்தான். குரலுக்குச் செட்டப் தேவையில்லை.

செடிக்குக் குரல் கொடுத்தவர்

செடியின் குரலும் கிரிஃபித்துடையது. முதலில் அப்படித் திட்டமில்லை. ஷூட்டிங்கில் சீமோராக நடிக்கும் ஜோனதன் ஹேஸ் பதில் பேசுவதற்கு வசதியாக, கேமராவுக்கு வெளியே நின்று யாராவது செடியின் வசனத்தைச் சொல்லவேண்டும். கிரிஃபித் சொன்னார். பின்னால் வேறு நல்ல குரலை வைத்து டப்பிங் செய்துகொள்ளலாம் என்று எண்ணம். ஆனால் அந்தக் குரலுக்கே சிரிப்பு வருவதைக் கார்மன் கவனித்தார். டப்பிங் செலவும் மிச்சம். அப்படியே விட்டுவிட்டார்.

கிரிஃபித்தை நல்லெண்ணெய் போலப் பயன்படுத்தியிருக்கிறார்கள், தலைக்கும் அவரே, தாளிக்கவும் அவரே. கதை அவர், தெருக்காட்சி அவர், செடி அவர், கொள்ளைக்காரன் அவர், பல் டாக்டரிடம் அலறும் நோயாளி அவர். சீமோரின் அம்மாவாக, எந்நேரமும் வியாதியைக் கட்டிக்கொண்டு அழும் கிழவியாக வருகிறாரே மிர்ட்டில் வேல், அவர் கிரிஃபித்தின் பாட்டி. பேரன் தயவில் வந்தவர் என்று நினைக்கவேண்டாம், ரேடியோ நாடகக் காலத்தில் பெயர் வாங்கிய நடிகை.

இசை ஃபிரெட் கட்ஸ். செல்லோ வாசிப்பவர். 'எ பக்கெட் ஆஃப் பிளட்' படத்துக்குப் போட்ட இசையே இதிலும் திரும்ப வருகிறது. கார்மனுக்காக ஒரே இசையைப் படத்துக்குப் படம் புதிது போலக் கொடுத்துவந்தார் என்பார்கள். செலவைக் குறைப்பதில் டைரக்டர் மட்டும்தான் கெட்டிக்காரராக இருக்கவேண்டுமா என்ன?

நிக்கல்சனுக்கு வந்தது வலியை ரசிக்கும் நோயாளி வேடம். வரவேற்பறையில் உட்கார்ந்து 'வலி' என்ற பெயருள்ள பத்திரிகையை ஆசையாகப் புரட்டுவார். மயக்க ஊசி வேண்டாம், சுவாரசியம் போய்விடும் என்பார். திரையில் சில நிமிஷங்கள்தான். கார்மனுக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று நினைத்து, வித்தியாசமாக ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று போனாராம். படத்தைப் பொதுமக்களோடு உட்கார்ந்து பார்த்தபோது அவர் காட்சிக்கு வசனமே காதில் விழாத அளவுக்குச் சிரிப்பு. இது சிரிப்புப் படம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, அதுவரை அப்படியொரு வரவேற்பைப் பார்த்ததில்லை, கூச்சமாகிவிட்டது என்று பின்னாளில் சொன்னார்.

போடாமல் விட்ட ஒரு வரி

படம் வெளிவந்தபோது பெரிய பரபரப்பில்லை. விற்கவே சிரமப்பட்டது. பிறகு இத்தாலிய டைரக்டர் மாரியோ பாவாவின் 'பிளாக் சண்டே' படத்தோடு ஜோடி சேர்த்து ஓட்டினார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் என்ற அந்த முறையில், இது இரண்டாவதாக வரும் துணைப் படம்.

இதற்குமேல் என்ன சம்பாதித்துவிடப் போகிறது என்று கார்மன் காப்புரிமைக்கு மெனக்கெடவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடும் படைப்பில் காப்புரிமைக் குறிப்பு இருக்கவேண்டும்: அந்த வட்டத்துக்குள் சி, வருஷம், உரிமையாளர் பெயர். அந்த ஒரு வரி இல்லாமல் வெளியிட்டால் படைப்பு பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம், ஒளிபரப்பலாம். அந்தக் கட்டாயம் 1989-ல்தான் நீங்கியது.

இந்த அலட்சியம் படத்தைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். காசு கொடுக்கவேண்டாம் என்பதால் டிவி நிலையங்கள் நள்ளிரவில் போட்டுக்கொண்டே இருந்தன. வீடியோ கேசட் வந்ததும் கண்டவர்கள் எல்லாம் கேசட் போட்டார்கள். அதற்குள் நிக்கல்சன் பெரிய நட்சத்திரம். அதனால் அட்டையில் அவர் முகம் பெரிதாக இருக்கும். அதை நம்பி வாங்கியவர்கள் சீமோராக நடித்த ஹேஸைப் பார்த்துவிட்டு, நம்ம ஆள் எப்போது வருவார் என்று காத்துக்கிடந்திருப்பார்கள்.

1982-ல் ஹோவர்டு ஆஷ்மனும் ஆலன் மென்கனும் இதை இசை நாடகமாக்கினார்கள். நியூயார்க்கின் ஆர்ஃபியம் அரங்கில் ஐந்து வருஷம் ஓடியது, 2,209 காட்சிகள். இரண்டு நாளில் எடுத்த படத்துக்கு இரண்டாயிரம் நாடகக் காட்சிகள். 1986-ல் அந்த நாடகத்தை ஃபிராங்க் ஆஸ் மறுபடி சினிமாவாக எடுத்தார். நிக்கல்சனின் பல் டாக்டர் காட்சி பில் மர்ரிக்குப் போனது. பட்ஜெட் சுமார் இரண்டரைக் கோடி டாலர், அதாவது கார்மன் செலவழித்ததைப்போல எண்ணூறு மடங்கு.

அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு சின்ன விவரம். இந்தச் செடி பாடவேண்டும். குரல், பாடகர் லெவி ஸ்டப்ஸ். ராட்சத பொம்மையைப் பலர் சேர்ந்து இயக்கினார்கள். சாதாரண வேகத்தில் அதன் உதடு பாட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் விநாடிக்கு 24 சட்டகம் எடுக்கவேண்டிய கேமராவை 16, 12 என்று குறைத்து ஓட்டினார்கள். திரையில் போடும்போது எல்லாம் வேகமாகிவிடும், செடியின் உதடும் சரியாக அசையும். ஆனால் அதே ஷாட்டில் செடியோடு நிற்கும் ரிக் மொரானிஸ், இந்தப் படத்தின் சீமோர்? அவரும் அந்தக் கணக்குக்கு மெதுவாக நடக்கவேண்டும், மெதுவாக வாயசைக்கவேண்டும், மெதுவாகப் பயப்படவேண்டும். ஒரு நிமிஷப் பாட்டு படப்பிடிப்பில் இரண்டு நிமிஷம் வரை இழுக்கும்.

1959 டிசம்பரில் செடி வாயைத் திறந்தது, மூடியது. கேமராவுக்கு வெளியே நின்றுகொண்டு கிரிஃபித் "சாப்பாடு போடு" என்று கத்தினார். உதடு பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த செட்டில் பிளக் சொருகியாயிற்று.